தென்னார்க்காட்டுப் பாடம்

அப்போதெல்லாம் மூன்றாம் வகுப்புக்கு மாவட்டத்துக்கு ஒரு சமூக பாடப் புத்தகம். சேலத்துப் பிள்ளைக்குச் சேலம், தஞ்சாவூர்ப் பிள்ளைக்குத் தஞ்சாவூர். களமருதூர்ப் பிள்ளைகளான எங்களுக்குத் தென்னார்க்காடு. தமிழ்நாடு, இந்தியா, உலகம் எல்லாம் அதற்கு மேல் வகுப்புகளில்தான். "வடக்கே வட ஆற்காடும் செங்கல்பட்டும், மேற்கே சேலமும் தருமபுரியும், தெற்கே திருச்சியும் தஞ்சாவூரும், கிழக்கே வங்காள விரிகுடா" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம். மூச்சு விட்டால் தருமபுரி விட்டுப்போகும்.

அந்த வாக்கியத்தில் இருந்த மாவட்டம் எதுவும் இன்று அந்த அளவில் இல்லை. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, தஞ்சாவூர் 1991இல், பிறகு திருச்சி, செங்கல்பட்டு, சேலம், தருமபுரி என்று வரிசையாக. எங்கள் தென்னார்க்காடே 1993இல் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் இரண்டானது. 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தபோது களமருதூர் அதோடு போயிற்று. புது மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. மாறாது என்று நாங்கள் நம்பிய கிழக்கு எல்லையும் கைவிட்டுப் போனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எட்டு வயதில் கடற்கரை மாவட்டத்துக்காரனாக இருந்தவன், அறுபதை நெருங்கும்போது உள்நாட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

மெல்லிய புத்தகம் அது. நெய்வேலி நிலக்கரி, செஞ்சிக் கோட்டை, பண்ருட்டிப் பலா, வீராணம் ஏரி, பரங்கிப்பேட்டை. படத்தில் மாவட்டத்தின் கிழக்கோரத்தில் பாண்டிச்சேரிக்காகச் சில ஓட்டைகள் விட்டிருப்பார்கள். "அது ஏன் சார் அங்கங்க பிச்சி வச்ச மாதிரி இருக்கு?" என்று ஒருவன் கேட்டதற்கு எங்கள் வாத்தியார் ஒரு பீரியட் முழுக்கப் பிரெஞ்சுக்காரன் கதையைச் சொன்னார். கல்வராயன் மலைக்கு நாலைந்து வரி இருந்தது. களமருதூர் பெயர் எங்கும் இல்லை. நாங்கள் விரலை வைத்து வைத்துத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "இல்லைன்னா என்னாடா, நாம எழுதிட்டாப் போச்சு" என்றார். சொன்னதோடு விடவில்லை அந்த மனிதர்.

பள்ளிக்கூடத்தின் மேற்குப் பக்கம் திறந்த வெளி. சாதாரண நாளில் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, பனைமரமும் புழுதியும்தான். ஐப்பசியில் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் மட்டும், அடிவானத்தில் நீலமாகக் கோடு கிழித்தாற்போல் மலை எழும்பி நிற்கும். அன்று பாடம் எதுவானாலும் வகுப்பு வெளியேதான். "அதாண்டா கல்வராயன். நேத்து தூசி இருந்துது, தெரியல. இன்னிக்கு மழை கழுவி விட்டிருக்கு." தூசி, ஈரம், காற்று என்று அந்த ஒரு காட்சியை வைத்தே அவர் சொன்னதெல்லாம் பிறகு கல்லூரியில் தனித்தனி அத்தியாயமாக வந்தது. மத்தியானத்துக்குள் மலை மறைந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் முடியாது. அதனால்தானோ என்னவோ, அவர் அந்த நாட்களில் அவசரப்படுவார். மற்ற நாட்களில் வெற்றிலை மெல்லும் வேகம்தான்.

அவருடைய பெரிய பாடம் தண்ணீர். கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போனால் ஊரே கலங்கலுக்குப் போய் வேடிக்கை பார்க்கும். நாங்கள் மீன் பிடிக்கப் போவோம். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு நிற்பார். "கோடி போற தண்ணி எங்கடா போவுது?" "அடுத்த ஏரிக்கு சார்." "அது ரொம்பினா?" "அதுக்கு அடுத்த ஏரிக்கு." "அப்புறம்?" அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டார். சனிக்கிழமை வாய்க்கால் ஓரமாகவே நடத்திக் கூட்டிப்போனார். ஏரிக்கு ஏரி இறங்கும் அந்தச் சங்கிலியை, கால் வலிக்கும் வரை பார்த்தோம். நம் தண்ணீர் கெடிலத்துக்குப் போகிறது. கெடிலம் சங்கராபுரம் பக்கம் தொடங்கி, திருநாவலூர் தாண்டி, திருவதிகை வழியாக, கடலூரில் கடலில் சேர்கிறது என்று ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து சொன்னார். சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர் என்பதும் அங்கே வைத்துத்தான் சொன்னார். சைவப் பாடமும் ஆற்றுப் பாடமும் அவருக்கு ஒன்றுதான்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வாத்தியார். மறுநாள் கரும்பலகையில் மூன்று கோடு போட்டார். மேலே தென்பெண்ணை: கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, சாத்தனூர் அணையில் தேங்கி, திருக்கோவிலூர் வழியாக வருவது. நடுவில் கெடிலம். கீழே கல்வராயனில் இறங்கும் கோமுகி, மணிமுத்தாற்றில் விழுந்து, விருத்தாசலம் கடந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டைக்குப் போவது. "இந்த மூணும் ஒன்னோட ஒன்னு ஏன் சேரல?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நதிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடு இருந்தாக வேண்டும் என்பதை நாங்களாகவே கண்டுபிடிக்க ஒரு வாரம் போயிற்று. உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் இன்றும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மேட்டைத் தேடுவேன். டிரைவருக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

ஊர்ப் படம் வரைந்த நாள் ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத களமருதூரை வரைய வேண்டும். தாள் கிடையாது, பள்ளிக்கூடத்து முற்றத்து மணல்தான். கோயில், குளம், ஏரிக்கரை, கடைத்தெரு, அவரவர் வீடு என்று குச்சியால் கீறினோம். தெருக்கோடி வந்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, முடிந்தது சார் என்றோம். வாத்தியார் சுற்றி வந்து பார்த்தார். "முடியலியே. வாய்க்காலுக்கு அந்தாண்டை யாருமே இல்லியா?" காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் கடைசியில் நின்றிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் குச்சியைக் கொடுத்தார். அவர்கள் மாரியம்மன் கோயில், தனிக் கிணறு, சுடுகாட்டுப் பாதை, எங்களுக்குப் பெயரே தெரியாத ஒரு பெரிய புளியந்தோப்பு எல்லாவற்றையும் வரைந்தார்கள். நாங்கள் வரைந்த ஊரை விட அது கொஞ்சம்தான் சிறியது. அவர் அதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "இப்ப அளவு சரியா இருக்கு" என்றார், அவ்வளவுதான். ஊரில் இரண்டு பேர் வந்து அவரிடம் ஏதோ பேசிவிட்டுப் போனதாகப் பின்னால் கேள்வி.

நிழல் பாடமும் சொல்ல வேண்டும். முற்றத்தில் மூங்கில் குச்சி நட்டு, பள்ளிக்கூடக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும், நிழல் மிகக் குட்டையாகிவிட்டதா பார் என்றார். ஆகவில்லை. இன்னும் சுருங்கிக்கொண்டேயிருந்தது. கடிகாரம் தப்பு என்றோம். நம் கடிகாரம் 82½ பாகையில் போகிற நேரம், நாம் இருப்பது 79 பாகையை ஒட்டி. பாகைக்கு நான்கு நிமிடம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பதினான்கு நிமிடம் வந்தது. சூரியன் தன் போக்கில் வருஷத்துக்குள் கால் மணி முன்னே பின்னே ஆகும் என்பதை மட்டும் பெரிய வகுப்புக்கு என்று தள்ளி வைத்தார். நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும் நாள் எங்கள் ஊருக்கு வருஷத்தில் இரண்டு: ஏப்ரல் 20ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ஒன்று. ஆகஸ்டில் பெரும்பாலும் மேகம் கெடுத்துவிடும். கடகரேகை, மகரரேகை என்று உருப்போட்டவர்கள் எத்தனையோ பேர். தன் தலைக்கு மேல் சூரியன் என்றைக்கு வரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆசிரியர்களே சிரித்துக்கொள்வார்கள்.

பால்பவுடர் டப்பாதான் எங்கள் மழைமானி. அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அதுதான் சூத்திரம். காலையில் ஸ்கேலை விட்டு அளந்து நோட்டில் எழுதுவோம். ரேடியோவில் மாநிலச் செய்தியில் உளுந்தூர்பேட்டை இத்தனை சென்டிமீட்டர் என்று வாசிப்பார்கள். எங்கள் கணக்கோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததுதான் அவருக்குச் சந்தோஷம். ஒரே மழை இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பெய்யும் என்று அரை மணி பேசுவார்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் வேறு உலகம். அங்கே பூகோளம் என்பது பட்டியல்: கோதுமை விளையும் இடம், சணல் ஆலை உள்ள இடம், தலைநகரம், நாணயம். தப்பினால் புளியங்குச்சி. மேப் நோட்டில் இந்தியாவை வரைய வேண்டியதுகூட இல்லை. ஆசிரியர் மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஊதா மையில் பொத்தென்று குத்தித் தருவார். குஜராத் வால் எப்போதும் மை பிடிக்காது. உலகப் படம் வேண்டுமானால் வெள்ளைத் தாளில் தேங்காயெண்ணெய் தடவி, கண்ணாடி மாதிரி ஆனதும் அட்லஸ் மேல் வைத்துக் கீற வேண்டும். கடலுக்கு நீலப் பென்சிலைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைக் காகிதத்தால் கரையோரமாகத் தேய்த்தால் அழகாக இழையும். அந்தக் கைவேலையில் எங்களுக்கு இருந்த சிரத்தை, எதை வரைகிறோம் என்பதில் இல்லை. எண்ணெய் பட்ட விரலால் அட்லஸைத் தொட்டு, அத்தனை அட்லஸிலும் ஆப்பிரிக்கா மட்டும் பழுப்பேறிக் கிடந்தது.

சுவர் மேப்புகள் துணி ஒட்டி, மேலும் கீழும் உருளைக்கட்டை வைத்தவை. சுருட்டி பீரோ மேல் போட்டிருப்பார்கள். விரிக்கும்போது பல்லி முட்டை உதிரும். நான் வேலைக்கு வந்த பிறகும் அதே மேப்புகள்தான். 1991இல் சோவியத் ரஷ்யா கலைந்தது, 1993இல் தென்னார்க்காடு கலைந்தது. சுவரில் இரண்டும் முழுசாகத் தொங்கின. புது மேப் கேட்டு எழுதினால் நிதி வரட்டும் என்பார்கள். நான் சிவப்பு மையால் புது எல்லைகளைப் போட்டுவிட்டேன். ஆடிட்டுக்கு வந்தவர், பள்ளிச் சொத்தில் கிறுக்கியது யார் என்று கேட்டார்.

சென்னைக்குப் படிக்கப் போனபோதுதான் டோப்போ ஷீட்டைக் கண்ணால் கண்டேன். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் நில வரைபடம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள், கடலோரத் தாள் என்றால் கட்டுப்பாடு இன்னும் ஜாஸ்தி. மற்றவர்கள் பாடத்துக்கு வைத்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எங்கள் பக்கத்துத் தாளைத் தேடினேன். 58 எம். ஏரிகள் நீலமாக, கரைகள் கறுப்பு வில்லாக, ஊர்கள் சிவப்புப் பொட்டாக. பனைமரத்துக்குத் தனிக் குறி உண்டு; எங்கள் பக்கம் அது விரவிக் கிடந்தது. ஆனால் மேற்கே கையை நகர்த்தினால் 79 பாகைக் கோட்டில் தாள் முடிந்துவிடுகிறது. அந்தக் கோடு தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே போகிறது. கள்ளக்குறிச்சியும் கல்வராயனும் 58 ஐ என்னும் வேறு தாளில். பள்ளி முற்றத்திலிருந்து ஒரே பார்வையில் பார்த்த மலையை எட்ட, இரண்டு தாளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மேஜையில் பரப்ப வேண்டியிருந்தது. அன்று இரவு வாத்தியாருக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினேன்.

லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையின் வாரிசு இந்தத் தாள்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தூக்கும்போது அவருடைய அரை டன் தியோடலைட் மோதி உடைந்ததைப் பேராசிரியர் விஸ்தாரமாகச் சொல்வார்; வகுப்பு விழித்துக்கொள்ளும். சமதள மேசையும் பிரிஸ்மாட்டிக் காம்பஸும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தோம். அவையெல்லாம் இப்போது துறைகளின் மூலையில் கிடக்கின்றன. அந்த இடத்தில் கணினி. அதில் எனக்கு வருத்தமில்லை. சமதள மேசையில் காற்றடித்துத் தாள் பறந்து போனவர்களுக்குத்தான் கணினியின் அருமை தெரியும்.

வருத்தம் வேறு. கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போது என் பக்கத்து ஊர்ப் பெயர் இருந்தது: இருவேல்பட்டு, தென்னார்க்காடு. திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பஸ்ஸில் எத்தனையோ தரம் கடந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி நிலம், பயிர், கூலி, கடன், வீடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார். அது 1918இல் நூலாக வந்தது. பின்னால் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போய் எழுதிய நூல் 1940இல். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் மாணவனைப் பார்த்து முதலில் கேட்டது "உன் ஊர் எப்படி இருக்கிறது?" என்பதுதான். அவர் பொருளாதாரக்காரர்; வேலை என்னவோ எங்களுடையது. பூகோள ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. 1926இலேயே நா. சுப்பிரமணியம் முன்னின்று சென்னையில் சங்கம் தொடங்கி, இதழ் நடத்தினார்கள். இந்தியப் புவியியல் சங்கம் என்று அது இன்றும் இருக்கிறது. அந்த மரபெல்லாம் இருந்தும், என் காலத்துக் கல்லூரியில் நாங்கள் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு இரும்பாலைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்கு எத்தனை ஊர்க் கரும்பு எந்த வழியாக வருகிறது என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

வேலை கிடைத்துச் சில வருஷம் வெள்ளிமலைப் பக்கம் இருந்தேன். கீழே கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டிப் பாதை ஏறும். மலையாளி என்னும் பழங்குடியினரின் பிள்ளைகள்; சாமையும் தினையும் தின்று வளர்ந்தவர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வழி வரையுங்கள் என்றேன். ஒருத்தரும் வடக்கை மேலே வைக்கவில்லை. உச்சியை மேலே வைத்தார்கள், அடிவாரத்தைக் கீழே. தூரம் எவ்வளவு என்று கேட்டால் மைல், கிலோமீட்டர் வராது. "மூணு எடத்துல குந்தி எந்திரிக்கணும் சார்" என்று வரும். ஏறும்போது மூன்று, இறங்கும்போது ஒன்று. ஒரே பாதைக்கு இரண்டு நீளம். ஸ்கேல் பாடம் நடத்தத் தயாராக வந்த நான் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். எந்தச் சரிவில் தை மாதம் வரை ஊற்று நிற்கும், எந்தப் பக்கத்துக் காற்றில் தேனீ வராது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில். அவர்களுக்குத் தெரியாதது, தங்கள் மலையின் தெற்குத் தண்ணீர் வெள்ளாற்றுக்கும் வடக்குத் தண்ணீர் தென்பெண்ணைக்கும் போகிறது என்பது. அதை மட்டும் நான் சொன்னேன். ஒருவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கீழ இருக்கவங்க எல்லாம் நம்ம தண்ணிதான் குடிக்கிறாங்களா சார்?" என்றான். வகுப்பு பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தது.

இப்போது ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. விண்ணிலிருந்து இறங்கி இறங்கித் தன் வீட்டுக் கூரை வரை பிள்ளை பார்க்கிறது. எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் வெற்றிலையை மறந்திருப்பார். ஆனால் பெரும்பாலும் கூரையைக் கண்டு கைதட்டியதோடு சரி. பத்தாம் வகுப்பில் மேப் கேள்விக்கு எந்தெந்த இடம் வரும் என்று குறித்துக் கொடுத்து, அதைத் திரும்பத் திரும்பக் குறிக்க வைக்கிறார்கள். வரலாறு படித்தவர் புவியியலையும் சேர்த்து நடத்துகிற பள்ளிகள் அதிகம். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு யார் ஏரிக்கரையைக் காட்டினார்கள்? பதினொன்றாம் வகுப்பில் புவியியல் பிரிவு வைத்திருக்கும் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் இப்போது மாநிலம் முழுக்க ஒன்றே. நீலகிரிப் பிள்ளையும் ராமநாதபுரத்துப் பிள்ளையும் ஒரே பாடம் படிக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அப்படி ஒரு மூன்றாம் வகுப்புப் புத்தகம் எழுதிப் பார்ப்போம் என்று நானும், என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் உட்கார்ந்தோம். அச்சுக்கு யார் தருவார்கள் என்பதெல்லாம் அப்புறம். எல்லைகள், தாலுகாக்கள், ஆட்சியர் அலுவலகம் என்று வழக்கம்போலத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் பாடப் புத்தகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார் அவர். உங்கள் ஊர் ஏரி கோடி போனால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியோடு முதல் பக்கத்தைத் தொடங்கி, அதற்குக் கீழே பிள்ளை வரைய வெற்றிடம் விட வேண்டும் என்கிறேன் நான். "வெத்தா விட்டா அச்சுப் பிழைன்னு நெனைப்பான்யா" என்கிறார். மூன்று மாதமாக முதல் பக்கத்திலேயே நிற்கிறோம். போன வாரம் அவர் கொஞ்சம் இறங்கி வந்து, கால் பக்கம் விடலாம் என்றார். அரைப் பக்கத்துக்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.